ஈறுக்குக் கீழே உடைந்த பல்: கிரௌன் லெங்தனிங் செய்துகொண்ட அனுபவம்

நரம்பை எடுத்துவிட்ட கடைவாய்ப் பல் உடையும்போது வலிப்பதில்லை. அதனாலேயே அது எவ்வளவு தூரம் உடைந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்த என் கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லின் கேப், இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் கழன்று நாக்கில் வந்து விழுந்தபோது, திரும்ப ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் பல் மருத்துவர் அந்தக் கேப்பைத் திருப்பி அதன் உட்புறத்தைக் காட்டினார். கேப்பின் விளிம்பு வழியாக நுழைந்த சொத்தை உள்ளேயே அரித்ததில், பல்லின் நாக்குப் பக்கத்துச் சுவர் முழுவதும் உடைந்து கேப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உடைந்த விளிம்பு ஈறுக்கு மேலே தெரியவில்லை. ஈறுக்கு அடியில் போயிருந்தது.

"இதை இப்படியே ஒட்டித் தரலாம், மேடம். ஆனால் மறுபடி கழன்று வரும். அல்லது ஈறு வீங்கிக்கொண்டே இருக்கும். ஈறை இறக்கி, எலும்பையும் கொஞ்சம் குறைத்தால்தான் கேப் பிடித்துக்கொள்ளப் பல் கிடைக்கும்," என்றார் அவர். கிரௌன் லெங்தனிங் என்ற பெயரை அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்பட்டேன். ஈறை வெட்டுவதுவரை எனக்குப் புரிந்தது. நன்றாக இருக்கும் எலும்பை எதற்காகக் குறைக்க வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை. இந்தச் சிகிச்சைக்குப் போகும் யாருமே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பதால், எனக்கு விளக்கப்பட்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பல்லைச் சுற்றியிருக்கும் ஈறு அதன் மீது வெறுமனே சாய்ந்து நிற்பதில்லை. தாடை எலும்பின் மேல் விளிம்பிலிருந்து தொடங்கி, முதலில் நார்த்திசு பல்லோடு பிணைந்திருக்கிறது. அதற்கு மேலே மெல்லிய தோல் போன்ற திசு ஒட்டியிருக்கிறது. அதற்கும் மேலேதான் நாம் ஃபிளாஸ் நூலை விடுகிற சிறு பள்ளம் வருகிறது. 1961ஆம் ஆண்டில் கார்கியூலோ, வென்ட்ஸ், ஆர்பன் ஆகிய மூவர், இறந்தவர்களின் தாடைகளை அளந்து, நார்த்திசுவின் சராசரி உயரம் 1.07 மில்லிமீட்டர் என்றும், ஒட்டியிருக்கும் திசுவின் உயரம் 0.97 மில்லிமீட்டர் என்றும் கண்டார்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். மேலேயுள்ள பள்ளத்துக்கான இடத்தையும் சேர்த்தால், எலும்பின் விளிம்புக்கும் கேப்பின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பல் மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. அளவு ஆளுக்கு ஆள், ஏன், ஒரே வாயில் பல்லுக்குப் பல் மாறும் என்பதால், என் சிகிச்சையின்போது மரத்துப்போக ஊசி போட்ட பிறகு மெல்லிய அளவுகோலை ஈறின் வழியாக எலும்பு தட்டுப்படும்வரை இறக்கி நேரடியாக அளந்து பார்த்தார்கள்.

அந்த இடைவெளிக்குள் கேப்பின் விளிம்பைத் திணித்தால், உடல் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஈறு நாள்கணக்கில் சிவந்து வீங்கி, தொட்டாலே இரத்தம் கசியும். நாளடைவில் உள்ளே எலும்பு தானாகக் கரைந்து கீழே இறங்கும். கேப் போட்ட இடத்தில் மட்டும் ஈறு ஆறாமலே இருக்கிறது, எந்த மவுத்வாஷுக்கும் கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் பலருக்கு அடிப்படைக் காரணம் இதுவாக இருக்கக்கூடும். ஈறை மட்டும் வெட்டிவிட்டு எலும்பை அப்படியே விட்டால், போன ஈறு சில வாரங்களில் பழைய உயரத்துக்கே வளர்ந்து வந்துவிடும். எலும்பு இறங்கினால்தான் ஈறு இறங்கி நிற்கும்; எலும்பைத் தொடுவதற்கான நியாயம் அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் கட்டியிருப்பதால்தான் எத்தனை இடி இடித்தாலும் மரம் பிளக்காமல் நிற்கிறது. கேப்பும் பல்லை அப்படித்தான் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஈறுக்கு மேலே, பல்லைச் சுற்றி நான்கு பக்கமும், சொந்தப் பல்லின் சுவர் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது இருக்க வேண்டும். வெள்ளைச் சிமெண்டையும், வேருக்குள் நடும் போஸ்ட் என்ற சிறு தண்டையும் வைத்து எவ்வளவு உயரம் கட்டினாலும் அது இந்தக் கணக்கில் சேராது. என் பல்லில் மூன்று பக்கம் போதுமான சுவர் இருந்தது. நாக்குப் பக்கம் மட்டும் ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், "எதுக்கு இத்தனை பாடு? பேசாம அதைப் பிடுங்கிட்டு இம்ப்ளாண்ட் வெச்சுக்கோயேன்," என்றார் எதிர்வீட்டு மாமி. அவருடைய கேள்வியில் தவறில்லை. எல்லாப் பல்லுக்கும் இந்த அறுவையைச் செய்துவிட முடியாது, செய்யவும் கூடாது. வேர் குட்டையாக இருந்தால், எலும்பைக் குறைத்தபின் பல்லில் எலும்புக்கு வெளியே நிற்கும் பகுதி அதிகமாகி, உள்ளே ஊன்றியிருக்கும் பகுதி குறைந்து, பல் ஆடத் தொடங்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்கள். அவை பிரியும் கவட்டை மேலேயே இருந்தால், எலும்பை இறக்கும்போது அந்தக் கவட்டை வெளியே வந்துவிடும். பிரஷ் போகாத அந்த இடுக்கில் உணவு தங்கி, காப்பாற்றிய பல்லையே சில ஆண்டுகளில் இழக்க நேரும். வேரில் நீளவாக்கில் விரிசல் இருந்தாலும் பயனில்லை. எனக்கு எக்ஸ்ரேயில் வேர்கள் நீளமாகவும், கவட்டை போதிய ஆழத்திலும் இருந்தன. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே சம்மதித்தேன்.

பக்கத்துப் பற்களைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. ஒரு பல்லைச் சுற்றி மட்டும் எலும்பைக் குழியாகத் தோண்டிவிட முடியாது. அப்படித் தோண்டினால் ஈறு அந்தக் குழியில் சீராகப் படியாது. எலும்பு இரு பக்கமும் மெல்லச் சரிந்து வர வேண்டும் என்பதால், எந்தக் குறையும் இல்லாத அண்டைப் பற்களின் ஓரத்திலிருந்தும் சிறிது எலும்பு போகும். ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்கள் கொடுக்கும் விலை இது. இந்த விலை அதிகம் என்று தோன்றும் இடங்களில், குறிப்பாக முன்பற்களில், பல்லுக்குக் கம்பி மாட்டிச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை மெதுவாக மேலே இழுத்துக் கொண்டுவரும் வழி ஒன்று இருக்கிறது. அதில் அண்டைப் பற்கள் தப்பிக்கும். உடைவு மிக ஆழமாக இல்லாவிட்டால், விளிம்பைக் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருள் கொண்டு உயர்த்தி, அறுவையே இல்லாமல் சமாளிப்பதும் உண்டு. இம்ப்ளாண்ட் என்றால் பல்லைப் பிடுங்கி, திருகு பதித்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் கூடுதல். என் வயதில், நல்ல வேருள்ள சொந்தப் பல்லை வைத்துக்கொள்வதே மேல் என்று எனக்குப் பட்டது. வேறொருவருக்கு, வேறொரு பல்லுக்கு, மாமி சொன்னதே சரியாக இருக்கலாம்.

மும்பையில் அக்கம்பக்கத்துச் சிறிய கிளினிக்குகள் பலவற்றில் ஈறு அறுவைக்கென்று தனி நிபுணர் நாள்தோறும் இருப்பதில்லை. பெரியோடாண்டிஸ்ட் குறிப்பிட்ட நாள்களில் வந்து செய்துவிட்டுப் போவார். இதில் ஒரு நன்மை, நமக்குப் பழகிய மருத்துவரின் நாற்காலியிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் அறுவைக்குப் பிறகு இரவில் இரத்தம் வந்தால் யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். எனக்கு இருவருடைய எண்களையும் எழுதித் தந்தார்கள். தவிர, கேப் போடப் போகிறவரும் எலும்பைக் குறைக்கப் போகிறவரும் ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டும். கேப்பின் விளிம்பு எங்கே வரும் என்று இவர் சொன்னால்தான் எத்தனை மில்லிமீட்டர் இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் விஷயத்தில் சொத்தையை முழுவதும் நீக்கி, தற்காலிகமாக அடைத்து, விளிம்பைத் தெளிவாக்கிய பிறகே அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்பே பற்களை ஸ்கேலிங் செய்து சுத்தப்படுத்திவிட்டார்கள். வீங்கிய ஈறில் கத்தி வைத்தால் இரத்தம் அதிகம் வரும், அளவும் சரியாக வராது.

முன்பரிசோதனைகள் எளியவை: இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தம் உறையும் நேரம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் பார்ப்பார்கள். அது கட்டுப்படாமல் இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதே முறை. முலுண்டில் இருக்கும் என் அத்தைக்கு இதே போன்ற ஈறு அறுவையை அந்தக் காரணத்துக்காகத்தான் ஒத்திவைத்தார்கள், அவர் எவ்வளவோ கோபித்துக்கொண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைப் பல் வேலைக்காகத் தாமே நிறுத்திவிடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அது ஆபத்தானது, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. எலும்பு மெலிவுக்காக (ஆஸ்டியோபோரோசிஸ்) பிஸ்பாஸ்பனேட் வகை மருந்து எடுத்துக்கொள்ளும் பெண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடை எலும்பைத் தொட்டபின் அது ஆறாமல் போவதுண்டு. புகை பிடிப்பவர்களுக்கும் புகையிலை மெல்பவர்களுக்கும் ஈறு ஆறுவது தாமதமாகும்.

அறுவைக்குச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். நான் பள்ளி ஆசிரியை. வாயைத் திறந்து பேசுவதுதான் என் வேலை. கீழ்த்தாடைக்குப் போடும் ஊசி அந்தப் பக்கத்து உதட்டையும் பாதி நாக்கையும் சேர்த்து மரத்துப்போகச் செய்கிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னோடு இரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலினும் கலந்திருப்பதால், ஊசி போட்ட சில நொடிகளில் நெஞ்சு படபடத்தது. முன்பே சொல்லியிருந்தபடியால் பயப்படவில்லை. ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிட்டது. இதய நோய் உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வலியைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஊசியின் குத்தலுக்குப் பிறகு வலி இல்லை. ஆனால் உணர்வே இருக்காது என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஈறைக் கீறி விலக்கும்போது இழுபடுவது தெரியும். எலும்பைத் தேய்க்கும் கருவி ஓடும்போது அதன் அதிர்வு தாடை வழியாகக் காதுக்குள் ஏறும். வெளியே கேட்கும் சத்தத்தைவிட உள்ளே கேட்பது பெரிதாக இருக்கும். எலும்பு சூடேறாமலிருக்க உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அதை உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம் இரையும். பல்லுக்கு மிக அருகில் இருக்கும் எலும்பைக் கருவியால் தொடாமல் கையில் பிடிக்கும் சிற்றுளியால் சுரண்டினார்கள். கருவி வேரில் பட்டுவிடாமலிருக்க அப்படிச் செய்வார்களாம். வாயைத் திறந்தே வைத்திருந்த தாடை மூட்டின் வலிதான் எனக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் ஓய்வு வேண்டுமென்றால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள், கூச்சப்படாமல் தூக்கினேன். இறுதியில் ஈறை முன்பைவிடக் கீழே வைத்துத் தைத்து, மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் பசைபோன்ற மருந்துக்கட்டு ஒன்றை அப்பினார்கள். ஒரு பல்லுக்கான இந்த வேலை பொதுவாக ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குத் திரும்ப ஆட்டோ கிடைக்காது. சயானுக்குத் தெற்கே ஆட்டோக்கள் ஓட அனுமதி இல்லை. உள்ளூர் ரயிலில் வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு என் யோசனை, வேண்டாம் என்பதுதான். மரத்துப்போன கன்னத்தில் யாருடைய முழங்கையாவது பட்டால்கூட நமக்குத் தெரியாது. டாக்ஸி பிடித்து, துணைக்கு வந்த தங்கையோடு வீட்டுக்கு வந்தேன். முதல் வலி மாத்திரையை மரப்பு முழுவதும் விலகுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளச் சொன்னது மிக நல்ல அறிவுரை. வலி ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அது அடங்க நேரம் பிடிக்கும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் அதை முன்பே சொல்லி மாற்று மருந்து கேட்டுக்கொள்ள வேண்டும். மரப்பு இருக்கும்வரை சூடான காப்பியைத் தொடக் கூடாது. உதடு வெந்தாலும் கடிபட்டாலும் தெரியாது.

முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. அதைக் கண்டு அடிக்கடி காறித் துப்புவதும் கொப்பளிப்பதும்தான் இரத்தத்தை நிற்கவிடாமல் செய்யும். அன்று துப்பவும் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சவும் கூடாது. இரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தால், ஈரமாக்கிய சுத்தமான காஸ் துணியை மடித்து 15 முதல் 20 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம், விட்டு விட்டு, முதல் நாள் மட்டும். வீக்கம் மறுநாள் குறையும் என்று எதிர்பார்த்தவளுக்கு அது கூடியது கவலையாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகே வடியும் என்பதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் அந்தக் கவலை தேவைப்பட்டிருக்காது. நாலைந்து நாள்களுக்குப் பிறகு வலியும் வீக்கமும் குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் நாற்றம் அடித்தாலோ அது இயல்பானதல்ல. உடனே காட்ட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் சமையலறை நமக்குப் பெரிய துணை. தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய ராகிக் கஞ்சி, குழைய வேகவைத்த பருப்பு சாதம் என்று ஒரு வாரத்தை எளிதாக ஓட்டிவிடலாம். ஆனால் தயிர் சாதத்தில் தாளிதம் கூடாது. கடுகும் மிளகாய் விதையும் மருந்துக்கட்டின் ஓரத்தில் புகுந்துகொண்டால் வெளியே எடுக்க முடியாது, தையலுக்கு அடியிலும் போய் உட்காரும். எள், ரவை உருண்டை, அவல், சேவ் தூவிய எதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மழைக்காலத்தில் அறுவை செய்துகொண்டதால், பள்ளி வாசலில் கரி அடுப்பில் வாட்டி எலுமிச்சை தேய்த்துத் தரும் மக்காச்சோளத்தை அந்தப் பருவம் முழுவதும் பார்த்துக்கொண்டு மட்டும் போக வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். பேச முடிந்தது, ஆனால் மருந்துக்கட்டு நாக்கில் உரசியதால் சொற்கள் குழறின. கூடுதலாக ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

மருந்துக்கட்டு இடையிலேயே ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. இரத்தமும் வலியும் இல்லாவிட்டால் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அடுத்த நாள் காட்டினால் போதும். அந்த நாள்களில் அறுவை நடந்த பக்கம் பிரஷ் படக் கூடாது. அதற்குப் பதிலாக 0.2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் காலையும் இரவும் வாயை நனைத்துத் துப்ப வேண்டும். இது பற்களையும் நாக்கையும் பழுப்பாக்கும். சுவையும் சில நாள் மாறிப்போகும். காப்பி, தேநீர் குடித்தால் கறை இன்னும் கூடும். இந்தக் கறை நிரந்தரமானதல்ல, பிறகு ஒரு முறை பாலிஷ் செய்தால் போய்விடும். மற்றப் பற்களைப் பேஸ்ட் போட்டுத் துலக்கியபின் அரை மணி நேரம் கழித்தே இதைப் பயன்படுத்த வேண்டும். பேஸ்ட்டில் இருக்கும் நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுத்துவிடுகிறது. தையல் பிரிப்பது 7 முதல் 10 நாள்களில்; ஊசி தேவைப்படாத அளவுக்கு எளிய வேலை.

மருந்துக்கட்டை எடுத்த அன்று கண்ணாடியில் பார்க்கும்போது அதிர்ச்சி ஏற்படும். பல் வேர்வரை நீண்டு தெரியும். ஈறு பச்சைப் புண்போலச் சிவந்திருக்கும். பற்களுக்கு நடுவே முன்பில்லாத இடைவெளிகள் தோன்றியிருக்கும். அதைவிட வியப்பாக இருந்தது கூச்சம்தான். நரம்பெடுத்த பல்லில் எப்படிக் கூசும் என்று குழம்பினேன். கூசியது அது அல்ல. எலும்பு சிறிது குறைக்கப்பட்டதால் வேரோரம் வெளியே வந்த பக்கத்துப் பல். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டை நுரைக்கவிட்டு உடனே கொப்பளிக்காமல் சற்று நேரம் வைத்திருந்ததில், சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்தது. அதுவரை ஃபிரிட்ஜ் தண்ணீரை வலப்பக்கமாகவே விழுங்கினேன்.

அறுவையைவிடக் கடினமானது அதன் பிறகான காத்திருப்பு என்பது என் முடிவு. புண் ஆறிவிட்டது, வலி இல்லை, மெல்லவும் முடிகிறது என்றபின் நிரந்தரக் கேப்பை உடனே போட்டால் என்ன என்று மனம் கேட்கும். ஈறின் மேல்தோல் சீக்கிரம் மூடிவிடும். உள்ளே நார்த்திசு எலும்போடும் பல்லோடும் புதிதாகப் பிணைந்து, ஈறின் விளிம்பு தனக்கான இடத்தில் நிலைகொள்வதற்கு அதைவிட அதிகக் காலம் ஆகும். கடைவாய்ப் பல்லுக்குக் குறைந்தது 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். சிரித்தால் தெரியும் முன்பற்களுக்கு 3 முதல் 6 மாதம். அதற்குள் அளவெடுத்துக் கேப் செய்தால், பின்னால் ஈறு ஏறிக்கொண்டு விளிம்பை மூடலாம், அல்லது மேலும் இறங்கி விளிம்பை வெளியே காட்டலாம். இந்த இடைக்காலத்துக்கு எனக்குப் பிளாஸ்டிக் கேப் ஒன்றைப் போட்டார்கள். அதன் விளிம்பு ஈறைத் தொடாமல் மேலேயே நின்றது. அதில் உணவு மாட்டும், சலிப்பாக இருக்கும், ஆனால் ஈறுக்கு இடம் விட்டுவைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பு அழகுக்காகச் செய்துகொள்பவர்களுக்கு இன்னும் முக்கியம். என் அண்ணன் மகள் சிரித்தால் ஈறு நிறையத் தெரிகிறது என்று, கல்யாணப் படங்களை மனத்தில் வைத்து, என்னோடு ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தாள். பல் முளைத்த பின்னும் ஈறு முழுவதும் பின்வாங்காமல் பல்லை மூடிக்கொண்டிருப்பதுதான் காரணமென்றால் இந்த அறுவை பலன் தரும். மேல்தாடை எலும்பே நீளமாக இருந்தாலோ, மேலுதடு அளவுக்கு மேல் உயர்ந்தாலோ இதனால் மட்டும் தீராது. அவளுக்கு முதல் காரணம்தான். ஆனாலும் முகூர்த்தத்துக்குப் பல மாதங்கள் முன்பாகச் செய்வதானால் செய்யலாம், இல்லாவிட்டால் கல்யாணம் முடிந்து வரட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் பின்னதைத் தேர்ந்தெடுத்தாள். ஆறாத ஈறோடு மேடையில் நிற்பதைவிட அது நல்ல முடிவு.

செலவைப் பொறுத்தவரை, கிரௌன் லெங்தனிங், போஸ்ட், உள்ளே கட்டும் கோர், தற்காலிகக் கேப், நிரந்தரக் கேப் ஆகியவை தனித்தனியாகக் கணக்கிடப்படும். முதல் நாளே மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. விபத்தில் பல் உடைந்தால் தவிர, பல் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு, மும்பை சென்ட்ரலில் மாநகராட்சி நடத்தும் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்துக்கு அருகே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம். வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் தயங்க வேண்டியதில்லை. தாராவியிலிருந்து நாயருக்குப் போய்ப் பல் வேலை செய்துகொண்ட என் மாணவர்களின் பெற்றோர் சிலர் அதைத்தான் சொன்னார்கள்.

நிரந்தரக் கேப்பாக, பீங்கான் வகையைச் சேர்ந்த ஜிர்கோனியாவைத் தேர்ந்தெடுத்தோம். அளவெடுக்கும் அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, விளிம்பு ஈறுக்கு மேலே நிற்குமா என்பது. நாக்குப் பக்கம் அது மேலேயே நிற்கிறது. யாருக்கும் தெரியாத இடமாகையால் அழகைப் பற்றிய கவலை இல்லை, பிரஷுக்கும் எளிதாக எட்டுகிறது. பல்லிடுக்குகள் சற்று அகன்றுவிட்டதால் வெறும் ஃபிளாஸ் நூல் இப்போது போதவில்லை. சிறிய குச்சியில் முடி வைத்த இடைப்பல் பிரஷை மருத்துவரே வெவ்வேறு அளவில் நுழைத்துப் பார்த்து, இறுக்காமலும் தொளதொளக்காமலும் போகும் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இரவில் ஒரு முறை அதை விட்டெடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈறின் ஆழத்தை அளந்து, தேவைப்படும்போது சிறிய எக்ஸ்ரே ஒன்றை எடுத்து, அறுவைக்குப் பிந்தைய முதல் படத்தோடு எலும்பின் மட்டத்தை ஒப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த முதல் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன்.